முகம் தெரியாது, நிறம் தெரியும்

லென்ஸைத் தொடவே ஷர்மிளா பானுவுக்குப் பயமாக இருந்தது. விலை உயர்ந்த சாமான் என்பதால் இல்லை. அதைச் சுற்றியிருந்த கைலியில் அண்ணனின் வாசனை இன்னும் போகவில்லை.

இந்த வீட்டுத் துக்கம், வாராவாரம் இந்தத் தொடரில் நம்மோடு வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்றைக்கு வழியில் ஏறிக்கொண்டவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். வீரசோழன் ஊர்க்காரரான முகம்மது அனீஸ் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தங்கை ஷர்மிளாவுக்காகப் பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கினார். "எம் பிள்ளை பன்னெண்டாவது முடிக்கப் போறா. அவ பள்ளிக்கூடப் போட்டோவ நீ இதுலதான் எடுக்கணும்" என்று ஃபோனில் சொன்னார். ஊருக்குக் கிளம்பிய, கூட வேலை பார்த்த சகாபுதீனிடம் கொடுத்தனுப்பப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனவர், காலையில் எழுந்திருக்கவில்லை. அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. ஆள் வரவில்லை, லென்ஸ் வந்தது.

அன்றிலிருந்து அவர் மனைவி ரைஹானா மாடி அறையில் இத்தா இருக்கிறாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் துக்க காலம் அது. வெள்ளைச் சேலைதான். பூவும் வளையலும் கிடையாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படவும் கூடாது.

அவர்கள் மகள் ஷஹீனா ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அத்தா போனாக, இத்தா வந்துருச்சு" என்றாள். பெற்ற தகப்பனை அத்தா என்றுதான் அந்த வீட்டில் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய இடம் வந்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அனீஸ் சொன்ன அந்தப் பள்ளிக்கூடப் போட்டோ, இன்றைக்குத்தான்.

ஷர்மிளா வீரசோழனுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து, லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தை கனம் இருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா, மடியில புள்ளையா? அரை டிக்கெட்டுப் போட்டுருவமா?"

வேறு நாளாக இருந்தால் அவருக்குச் சுடச்சுடப் பதில் கிடைத்திருக்கும். ஷர்மிளாவின் வாய் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்த வாய். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சில்லறையைக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். திருச்சுழி தாண்டியதும் சீமைக்கருவேலமும் தண்ணீர் இல்லாத கண்மாயும் மாறி மாறி வந்தன.

"அது என்ன லென்ஸு, அம்புட்டுப் பெருசா?" என்று அண்ணன் அன்றைக்கு ஃபோனில் கேட்டிருந்தார்.

"தள்ளி நின்னு எடுக்குறதுண்ணே. பிள்ளைக முகம் மட்டும் பளிச்சுன்னு நிக்கும். பின்னாடி இருக்குறது எல்லாம் கரைஞ்சு போயிரும்."

"அப்ப நான் பின்னாடி வந்து நின்னா, நானும் கரைஞ்சு போயிருவேனா?"

"போயிருவீக. மூக்கும் முழியும் தெரியாது. சட்டை நிறம் வேணா தெரியும்."

"அது போதும்மா. இத்தன வருசமா நான் அப்படித்தான இருக்கேன்" என்று அனீஸ் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றியது.

* * *

அண்ணன் வீட்டில் ஷஹீனா சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, வெள்ளை முக்காடும் போட்டுத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை.

"கிளாஸுக்குப் போறேன். போட்டோவுக்கு நான் வரல மாமி" என்றாள். அத்தாவின் தங்கை என்பதால் அவளுக்கு ஷர்மிளா மாமி.

பள்ளியில் ஜெயக்குமார் சார் இந்த வருடம் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மைதானத்து வேப்பமரத்தடியில் அம்மாவோடோ அப்பாவோடோ நின்று ஒரு படம். ஆல்பத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணங்கள் சில வீடுகளில் நேராக வந்து நெஞ்சில் குத்தும், அதை அவர் யோசித்திருக்க மாட்டார்.

"எல்லாருக்கும் ஆள் நிப்பாக. எனக்கு யாரு நிப்பா?"

"நான் நிக்கிறேன்டி."

"நீங்க நின்னா போட்டோ யாரு எடுப்பா?"

ஷர்மிளாவையே மடக்கிவிட்டாள். மடக்கிய சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

மாடியில் ரைஹானா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையணையை மடியில் அணைத்து வைத்திருந்தாள். உறையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"தலகாணி உறையக் கழட்டிக் குடுங்க மதினி. மிஷினுல போட்டுர்றேன்."

"வேணாம், இருக்கட்டும்" என்று ரைஹானா இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அதத் தொட விட மாட்டாக மாமி. நானும் கேட்டுப் பாத்துட்டேன்" என்றாள் பின்னாலேயே ஏறி வந்த ஷஹீனா.

துணி விஷயத்தில் அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு முறை அழுகை நடந்து முடிந்திருந்தது. ரைஹானாவின் அண்ணன் முகம்மது சுல்தான், பந்தல்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், அனீஸின் துணிமணிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போய் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார். "கண்ணு முன்னால கிடந்தா உனக்குத்தாம்மா கஷ்டம்" என்றார். தங்கை இத்தா முடிக்கும்வரை அந்த வீட்டின் நல்ல பெயர் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்ட மனிதர். காய்கறியும் மருந்தும் அவர் ஏற்பாட்டில் வாசல்வரை வரும். கொண்டுவருகிற ஆண் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. கெட்டவர் இல்லை. பாசத்தைக்கூட உத்தரவாகத்தான் போடத் தெரியும்.

"மக மாட்டேங்குறா மதினி" என்றாள் ஷர்மிளா.

"நான் என்ன செய்ய? எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல நிக்கவா முடியும்?" ரைஹானா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "தெனமும் அவ போறத அந்த ஓரத்துல ஒளிஞ்சு நின்னு பாக்குறேன். அம்புட்டுத்தான் எனக்கு."

அந்த ஜன்னலை அங்கே வைக்கச் சொன்னவர் அனீஸ். மாடி கட்டும்போது கொத்தனார் தெருப்பக்கம் வைக்கலாம் என்றாராம். "பிள்ள பள்ளிக்கூடம் போறத அவ அம்மா பாக்கணும்" என்று ஃபோனிலேயே சண்டை போட்டு பள்ளி மைதானத்துப் பக்கம் வைக்க வைத்தார்.

ஷர்மிளா எழுந்து போய் ஜன்னலில் நின்றாள். சும்மா துக்கத்தில்தான் போனாள். போய் நின்றதும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மைதான ஓரத்தில் வேப்பமரம். மரத்தடியில் நல்ல நிழல். இந்தப் பக்கச் சுவரிலோ காலை வெயில் முழுசாக விழுகிறது. வேம்புக்குக் கீழே பிள்ளையை நிறுத்திவிட்டுத் தான் இன்னும் தள்ளிப் போய் நின்றால், அண்ணன் அனுப்பிய லென்ஸ் இந்த வீட்டையே இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிடும்.

"மதினி, ஷஹீனா படத்துல நீங்க வாரீக."

ரைஹானா பதறிவிட்டாள். "என்ன பேச்சுப் பேசுற? இத்தாவுல இருக்கேன். நாலு பேரு பாக்குற போட்டோவுல எம் முகத்தக் கொண்டுபோய் வப்பியா? அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"முகம் தெரியாது. நீங்க ஒரு படி இறங்க வேணாம். இந்த ஜன்னலுக்கு உள்ளயே நில்லுங்க. லென்ஸ முழுசாத் திறந்து வச்சு எடுத்தா இவ முகம் மட்டுந்தான் தெளிவா விழும். நீங்க பின்னாடி வெள்ளையா ஒரு உருவம், அம்புட்டுத்தான். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்."

ஷஹீனா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது.

"முகம் தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள் ரைஹானா.

"தெரியாது."

"கண்ணு, மூக்கு?"

"ஒண்ணுமே தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும்?"

"நிறம் தெரியும். ஒரு ஆளு நிக்கிறது தெரியும்."

ரைஹானாவின் கை தலையணை மேல் மெல்லப் போய் வந்தது. "ஆளு நிக்கிறது தெரியும்" என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள்.

"நான் மிஸ்டு கால் குடுப்பேன். வந்து நில்லுங்க. இன்னொண்ணு குடுத்தா போதும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு ஷர்மிளா பையைத் தூக்கினாள். ஷஹீனா அவளுக்கு முன்னால் படி இறங்கினாள்.

* * *

வேப்பமரத்தடியில் திருவிழாக் கூட்டம். அம்மாக்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய லென்ஸில் ஒரு சங்கடம் உண்டு. எடுக்கிறவள் வெகுதூரம் தள்ளிப் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்று கன்னத்தைத் தொட்டு, "இப்படித் திரும்பு கண்ணு" என்று சொல்ல முடியாது. கத்தித்தான் சொல்ல வேண்டும். ஷஹீனாவின் தோழி சத்யபிரியா நடுவில் நின்று அந்தக் கத்தலை வாங்கி மறுபடி கத்திச் சொன்னாள்.

அவள் அப்பா நல்லகண்ணு ஒரு காலத்தில் கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். இப்போது ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். ராத்திரி டியூட்டி முடித்து நேராக, காக்கி உடுப்போடு வந்திருந்தார்.

"சட்டைய மாத்திட்டு வந்துரவா தாயி?" என்று மகளிடம் இரண்டு தரம் கேட்டார்.

"இதோடயே நில்லுங்கப்பா. இதுதான் நல்லாருக்கு."

அவர் ஷர்மிளாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எம்மா, எம்புட்டுத் தூரத்துல நிக்கிறீக! அங்கன இருந்து நாங்க தெரிவமா?"

"உங்க மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுதுண்ணே!"

நல்லகண்ணு அவசரமாக மீசையை நீவிவிட்டார். கூட்டமே சிரித்தது. மகள் சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளில் சாய்ந்த நொடியில் ஷர்மிளா படத்தை எடுத்துக்கொண்டாள். கேமராவுக்குள்ளிருந்து பார்க்க அவர்கள் ஒரு முழத் தூரத்தில் நிற்பது போல இருந்தார்கள். அப்பாவின் கண்ணில் தூக்கக் கலக்கமும் பெருமையும் கலந்து கிடந்தன. தங்களை யாரும் பக்கத்தில் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மனிதர்கள் முகத்தைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். இந்த லென்ஸின் வேலையே அதுதான்.

அண்ணன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படி வந்து நின்றிருக்கலாம்.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து ஷஹீனா கடைசியாக வந்தாள். ஷர்மிளா அவளைக் கையைப் பிடித்து இடம் பார்த்து நிறுத்தினாள்.

"உனக்குப் பின்னாடி அம்மா வந்து நிப்பாக. நீ திரும்பிப் பாக்காத. நீ பாத்தா எல்லாரும் அங்க பாப்பாக."

"திரும்பல மாமி."

ஷர்மிளா பின்னால் நடந்தாள். வீடு சரியாகப் பிள்ளையின் தோளுக்கு மேல் வந்து உட்காரும்வரை நடந்தாள். லென்ஸை முழுசாகத் திறந்தாள். ரோஜா நிறச் சுவர் கரைந்து போயிற்று. ஜன்னல் ஒரு கறுப்புச் சதுரமானது. ஃபோனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் கண்ணை வைத்தாள். கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளையாக ஏதோ வந்து நின்றது.

ஷஹீனாவின் உதடு அசைந்தது. சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் உதடு தெளிவாகத் தெரிந்தது. 'அம்மா வந்துட்டாகளா?'

ஷர்மிளா கையைத் தூக்கிக் காட்டினாள்.

பிள்ளை நிமிர்ந்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். மோவாய் மட்டும் நடுங்கியது. மறுபடியும் உதடு அசைந்தது, இந்த முறை மாமிக்காக இல்லை. 'நான் நிக்கிறேம்மா, பாருங்க.' அதற்கு மேல் ஷர்மிளாவால் பார்க்க முடியவில்லை. கண் கலங்கி, கேமராவுக்குள் தெளிவாக இருந்த ஒரே முகமும் கலங்கிப்போனது. விரல் மட்டும் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது.

எடுத்து முடித்து, இரண்டாவது மிஸ்டு காலும் கொடுத்துவிட்டுத் திரையில் படத்தைப் பார்த்தாள். போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் எடுத்ததும் அதைப் பெரிதாக்கி, கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கண் சரியாக இருந்தால் எல்லாம் சரி. ஷஹீனாவின் கண்ணில் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, ஓரத்தில் நின்ற ஈரமும் தெரிந்தது. பின்னால் இருப்பதைத் தான்தானே கரைத்தோம் என்ற நம்பிக்கையில் ஷர்மிளா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜெயக்குமார் சார் வேகமாக வந்தார். "மேடம், நாலஞ்சு படம் இப்பவே அனுப்பிவிடுங்க. பேரன்ட்ஸ் குரூப்புல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"உன்னோடதும் போகட்டுமா?" என்று ஷஹீனாவைக் கேட்டாள் ஷர்மிளா.

"போகட்டும் மாமி. நானும் ஆளோடதான நின்னேன்."

அப்படித்தான் அந்தப் படம் ஊருக்குப் போனது.

* * *

அதன் பிறகு ஆசிரியர்கள் படம், வகுப்புப் படம், விளையாட்டுக் குழு என்று பொழுது ஓடிவிட்டது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஷர்மிளா வீட்டுக்கு வந்தாள். ரைஹானா தொழுது முடித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இருங்க மதினி, காட்டுறேன்" என்று ஷர்மிளா ஃபோனை எடுத்தாள். எடுத்த கையிலேயே அது அடித்தது. சுல்தான் மச்சான்.

"எங்க இருக்க ஷர்மிளா?" குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. சுல்தான் கத்தினால் பயமில்லை. தணிந்தால்தான் பயம்.

"மதினி வீட்டுலதான் மச்சான்."

"பள்ளிக்கூட குரூப்புல ஒரு போட்டோ வந்துருக்கு. கடைக்கு வந்த ஆளு காட்டுனாரு. அது அனீஸு கட்டுன மாடிதான?"

"ஆமா மச்சான். மதினிய நான்தான் நிக்கச் சொன்னேன். முகம் தெரியாம…"

"அது தெரியுது. வெள்ளையில நிக்கிறது எந் தங்கச்சி. முகம் இல்லாட்டியும் நிக்கிற நிப்புலயே எனக்குத் தெரியும். பிள்ளைக்காக நின்னுருக்கா. அத நான் ஒண்ணும் சொல்லல." குரல் இன்னும் இறங்கியது. "பக்கத்துல நிக்கிற ஆம்பள யாரு?"

"ஆம்பளையா?"

"மைதானத்துக்குப் பின்னாடி இருக்குற மாடி யாரு வீடுன்னு ஊருக்கே தெரியும். இத்தாவுல இருக்குறவ பக்கத்துல யாரு நிக்கிறான்னு என்ட்ட கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல? வந்துக்கிட்டுதான் இருக்கேன். பக்கத்துல வந்துட்டேன்."

ஃபோன் வைக்கப்பட்டது. பேச்சு முழுக்க ரைஹானாவுக்கும் கேட்டிருந்தது.

ஷர்மிளா படத்தைத் திறந்தாள். முன்னால் ஷஹீனா, ஈரக் கண்ணோடு. அவள் தோளுக்குப் பின்னால் கரைந்துபோன சுவர், கறுப்பு ஜன்னல். ஜன்னலில் ஒரு வெள்ளை உருவம். அதை ஒட்டி, தோளோடு தோளாக, ஒரு பிடி உயரமாக, வெளிர் நீலத்தில் இன்னோர் உருவம். கழுத்துக்கு மேலே அறையின் இருட்டுத்தான் இருந்தது. ஆனால் பார்க்கிற கண் அதைத் தலை என்று எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டின் ஜன்னலில் புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மிளா மெல்லத் திரும்பினாள். கட்டிலில் தலையணை உறை பாதி காலியாகக் கிடந்தது. அதன் வாயிலிருந்து ஒரு நீலச் சட்டையின் கை வெளியே வந்திருந்தது.

"முகம் தெரியாது, நிறந்தான் தெரியும்னு நீதான சொன்ன" என்றாள் ரைஹானா. "அவுகளுக்கும் இனி முகம் இல்லையே ஷர்மிளா. நிறமாவது எம் பிள்ளைக்குப் பின்னாடி நிக்கட்டும்னு நெனச்சேன்."

"மதினி…"

"கடைசியா லீவுல வந்தப்ப போட்ட சட்டை. கழட்டிப் போட்டது போட்டபடி வச்சிருந்தேன், தொவைக்கல. அண்ணன் மூட்டை கட்டுன அன்னைக்கு எல்லாம் குடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். இத மட்டும் விட மனசு வரல." அவள் தோளை மறுபடி பிடித்துக்கொண்டாள். "ஹேங்கர்ல மாட்டி அவுக உசரத்துக்குத் தூக்கிப் புடிச்சேன். கை கடுத்துச்சு. நீ ரெண்டாவது கால் குடுக்குற வரைக்கும் இறக்கல."

ஷர்மிளா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணன் செத்த செய்தி வந்த அன்றுகூட வீட்டில் எல்லோரையும் தேற்றிக்கொண்டு நின்றவள் அவள். 'அது போதும்மா' என்று ஃபோனில் சிரித்த குரலை நினைத்து நினைத்து அழுதாள்.

அழுகைக்கு நடுவிலும் புத்தி ஓடியது. "மச்சான் வந்தா என்ன சொல்லப் போறோம்?"

"சட்டைன்னு சொன்னா எடுத்துட்டுப் போயிருவாக."

"சொல்லாட்டி?"

சொல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சட்டைக்கும் தன் நல்ல பெயருக்கும் நடுவில் ரைஹானா மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஷஹீனா ஃபோனை வாங்கிக்கொண்டாள். நீல உருவத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்க அது கரைந்து வெறும் நீலமானது. விரலைச் சேர்த்துச் சிறிதாக்கினாள். சிறிதாக ஆக அது மறுபடியும் ஓர் ஆளாகி அம்மா பக்கத்தில் வந்து நின்றது. பெரிதாக்குவதை விட்டுவிட்டாள். சிறிதாகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது.

"நீ இரு, நான் போறேன்" என்று ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் ஷஹீனா படி இறங்கிவிட்டாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் மேலே கேட்டது. ஷர்மிளா பாதிப் படிவரை ஓடி வந்து நின்றாள்.

சுல்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் பட்ட புழுதி முகத்தில் அப்படியே இருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

"யாரும்மா நின்னது அங்க? மாமாட்ட சொல்லு."

"அத்தா" என்றாள் ஷஹீனா.

இத்தனை நாள் சுற்றிக்கொண்டு போன சொல் நேராக வந்து விழுந்தது. அது வந்ததும் அவளுக்கே குரல் உடைந்தது. "அத்தா நின்னாக மாமா. எங்க அம்மா பக்கத்துல வேற யாரு நிப்பாக?"

சுல்தான் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அவளைத் தாண்டி, ஷர்மிளாவையும் தாண்டிப் படி ஏறினார்.

மேலே ரைஹானா சட்டையை ஒளித்து வைக்கவில்லை. அதை மடியில் விரித்து, கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.